பிஸ்கட் டின்னில் பதினொரு டிஸ்க்: ஒரு கல்யாண ஸ்டூடியோவின் சேமிப்பை மாற்றி அமைத்த கதை

2024 பொங்கலுக்கு மறுநாள் காலை எனக்கு ஒரு போன் வந்தது. சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், கடைவீட்டு மாடியில் கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டூடியோ நடத்துகிற அண்ணன் பேசினார். "தம்பி, நாஸ் பெட்டியில சிவப்பு விளக்கு எரிஞ்சுது. புது டிஸ்க் வாங்கிப் போட்டுட்டோம். ஆனா ஒரு நாள் முழுக்க ஓடியும் 11 சதவீதம்தான் ஆகியிருக்கு. கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?" நாஸ் என்றால் அலுவலகக் கணினிகள் நெட்வொர்க் வழியே பகிர்ந்துகொள்ளும் டிஸ்க் பெட்டி. அதில் ஒரு டிஸ்க் போனால், புதிதாகப் போட்டதில் அதன் தரவை மீதி டிஸ்குகளிலிருந்து திரும்ப எழுதி நிரப்பும். அந்த மீள்கட்டமைப்புதான் 11 சதவீதத்தில் நின்றது.

சிறு அலுவலகங்களுக்குக் கணினி வேலை பார்த்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. இந்த மாதிரி அழைப்பு வந்தால் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: "யாரும் எதையும் தொடாதீங்க, வர்றேன்." அன்றும் அதையே சொன்னேன். நான் போய்ச் சேர்வதற்குள் எடிட்டர் தம்பி அதே பெட்டியிலிருந்து ஒரு நிச்சயதார்த்த வீடியோவைத் திறந்து வேலை செய்துகொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. தை பிறந்துவிட்டது, கல்யாண வரிசை தொடங்கிவிட்டது, அடுத்த வாரம் தைப்பூசம்.

இருந்த நிலைமை இது. நான்கு டிஸ்க் போடும் நாஸ் பெட்டி. அதில் 4 டெராபைட் டிஸ்க் நான்கு, ரெய்டு 5 முறையில். ஒன்று போனாலும் தரவு பிழைக்கும், இரண்டாவது போனால் எல்லாம் போகும். பயன்படுத்தக் கிடைப்பது 12 டெராபைட், அது கழுத்துவரை நிரம்பியிருந்தது. எடிட்டிங் கணினிகள் இரண்டும் சாதாரண கிகாபிட் கம்பியில் இந்தப் பெட்டியோடு இணைந்திருந்தன. பெட்டியில் இடம் இல்லாமல் போகும்போதெல்லாம் ஒரு கையடக்க டிஸ்க் வாங்கி, பழைய கல்யாணங்களை அதில் தள்ளி, ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பது வழக்கம். டின்னைத் திறந்து எண்ணினேன். பதினொன்று. சிலவற்றில் மாஸ்கிங் டேப்பில் பெயர் எழுதியிருந்தது, சிலவற்றில் டேப் உரிந்து போயிருந்தது.

வேறு எங்கும் பிரதி இல்லை.

ஓடு மாற்றுகிற வேலை

புதிதாகப் போட்ட டிஸ்கை வெளியே எடுக்காமலே, பெட்டியின் மென்பொருளில் அதன் மாடல் எண்ணைப் பார்த்து, தயாரிப்பாளரின் விவரத்தாளில் தேடினேன். சந்தேகப்பட்டது சரிதான். அது எஸ்எம்ஆர் வகை டிஸ்க். கடையில் கேட்டபோது "நாலு டிபி, இதுதான் மலிவு" என்று கொடுத்திருக்கிறார்கள். அட்டையில் எங்கும் அந்தச் சொல் இல்லை.

எஸ்எம்ஆர் என்றால் என்ன என்று அண்ணனுக்கு விளக்க, ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினேன். எதிர்க் கடைவீட்டின் ஓட்டுக்கூரை தெரிந்தது. ஓடுகள் ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறி உட்கார்ந்திருக்கும். இந்த வகை டிஸ்கில் தரவுத் தடங்களும் அப்படித்தான். அதனால் அதே தட்டில் அதிகம் அடங்குகிறது, விலையும் குறைகிறது. ஆனால் நடுவில் இருக்கும் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் அதன் மேல் ஏறியிருக்கிறவற்றையும் எடுத்துத் திரும்ப அடுக்க வேண்டும். ஒரு முறை எழுதிவிட்டு எப்போதாவது படிப்பதற்கு அது போதும். ரெய்டு மீள்கட்டமைப்பு மாதிரி மணிக்கணக்கில் இடைவிடாமல் எழுதும் வேலையை, நடுநடுவே எடிட்டிங்கும் நடக்கும்போது கொடுத்தால், டிஸ்க் திணறிப்போகும். சிஎம்ஆர் வகையில் தடங்கள் தனித்தனியாக இருக்கும், இந்தச் சிக்கல் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். ஒரு நாளைக்கு 11 சதவீதம் என்றால் முழுதும் முடிய 9 நாள். சராசரி வேகம் நொடிக்கு 5 மெகாபைட். நல்ல சிஎம்ஆர் டிஸ்க் என்றால், தொந்தரவு செய்யாமல் விட்டால், இந்த வேலையை 8 முதல் 10 மணி நேரத்தில் முடித்துவிடும். ஒரே வயதும் ஒரே பயன்பாடும் கண்ட மீதி மூன்று டிஸ்குகளும் அந்த 9 நாளும் பாதுகாப்பு எதுவும் இல்லாமல் ஓடியாக வேண்டும்.

நாஸுக்கென்றே விற்கிற டிஸ்க் என்றாலும் இதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பதை 2020 ஏப்ரலில்தான் வெளிப்படையாகச் சொன்னது. அதன் பிறகுதான் சிஎம்ஆர் டிஸ்குகளுக்கு ரெட் ப்ளஸ் என்று தனிப்பெயர் வந்தது. இப்போது பெரிய தயாரிப்பாளர்கள் எந்த மாடல் எந்த வகை என்று தங்கள் தளத்திலேயே பட்டியல் போடுகிறார்கள். வாங்குவதற்கு முன் இரண்டு நிமிடம் செலவழித்தால் போதும்.

முதலில் எதைக் காப்பாற்றுவது

மீள்கட்டமைப்பை நிறுத்தச் சொன்னேன். அண்ணனுக்கு அதிர்ச்சி. "இவ்வளவு தூரம் வந்ததை விட்டுடறதா?" ஆனால் அந்த நேரத்தில் பெட்டியைச் சரிசெய்வது அவசரமில்லை, உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவருவதுதான் அவசரம். புது டிஸ்கைக் கழற்றினோம். எடிட்டிங்கை நிறுத்தினோம். இன்னும் ஒப்படைக்காத வேலைகள் மட்டும் 1.6 டெராபைட் இருந்தன. அவற்றை முதலில் ஒரு வெளி டிஸ்குக்கு நகலெடுத்தோம், நான்கரை மணி நேரத்தில் முடிந்தது. அப்புறம் ஒப்படைத்து முடிந்தவை, புதியதிலிருந்து பழையதாக.

இரண்டாம் நாள் மதியம் முதல் டிஸ்கில் ஸ்மார்ட் 197 என்ற எண் ஏறத் தொடங்கியது. ஸ்மார்ட் என்பது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் பதிவு. படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களின், அதாவது சிறு தரவுக் கட்டங்களின், எண்ணிக்கை 197. 8, பிறகு 24, பிறகு 60-ஐத் தாண்டியது. 2023 ஜூனில் எடுத்த ஒரு வளைகாப்பின் கோப்புறையில் நகலெடுப்பு தட்டி நின்றது. 14 கிளிப்புகள் திறக்கவே இல்லை.

அந்தப் படம் எடிட் ஆகி எப்போதோ குடும்பத்துக்குப் போய்விட்டது. ஆனால் அதில் பாட்டி ஒருவர் ஏழு நிமிடம் பாடிய நலங்குப் பாட்டில் 40 நொடிதான் இடம்பெற்றிருந்தது. முழுப் பாட்டும் வேண்டும் என்று குடும்பத்தார் டிசம்பரில் கேட்டிருக்கிறார்கள், "தைக்கு அப்புறம் தர்றேன்" என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அந்த 14 கிளிப்புகளில்தான் பாட்டு இருந்தது. அண்ணன் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து எடிட்டர் தம்பி ஒரு யோசனை சொன்னார்: ஒலிப்பதிவுக் கருவியின் பழைய கார்டு ஒன்று டிராயரில் கிடக்கிறது, அழித்தோமா இல்லையா தெரியவில்லை. போட்டுப் பார்த்தோம். அழிக்கவில்லை. பாட்டின் ஒலி முழுதாக இருந்தது. படம் போனது போனதுதான். யாரும் திட்டமிடாமலே ஒரு இரண்டாம் பிரதி ஒரு டிராயரில் பிழைத்திருந்தது, அவ்வளவுதான்.

புது ஏற்பாட்டை யோசிக்கும்போது என் மனதில் இருந்தது அந்த டிராயர்தான்.

"நல்ல டிஸ்க் எது தம்பி?"

எல்லோரும் கேட்கும் கேள்வி. அண்ணனும் கேட்டார். ஒரு விளம்பரத் தாளைக் காட்டி, "இதுல பத்து லட்சம் மணி நேரம்னு போட்டிருக்கே, அப்ப 114 வருஷம் உழைக்குமா?" என்றார். அது ஒரு டிஸ்கின் ஆயுள் இல்லை. மிகப் பல டிஸ்குகளை ஒன்றாக ஓட்டினால் அவற்றில் எவ்வளவுக்கு ஒருமுறை ஒன்று பழுதாகும் என்பதற்கான கணக்கு. ஆண்டுக்கு மாற்றிச் சொன்னால் நூற்றில் 0.88. அதாவது ஆயிரம் டிஸ்க் வைத்திருந்தால் ஆண்டுக்கு ஒன்பது போகும். உங்களுடையது அந்த ஒன்பதில் ஒன்றா என்று அந்தத் தாள் சொல்லாது.

இதைவிட நம்பகமான எண் பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனத்துடையது. தன் தரவு மையங்களில் ஓடும் டிஸ்குகளில் எந்த மாடல் எத்தனை பழுதானது என்று 2013 முதல் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. 2023-க்கு மொத்த டிஸ்குகளின் ஆண்டுப் பழுது விகிதம் 1.4 சதவீதம். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கு நடுவே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருப்பதையும் அந்த அட்டவணையில் பார்க்கலாம். அதனால் "அந்த பிராண்டு நல்லது, இந்த பிராண்டு மோசம்" என்ற பேச்சை நான் விட்டு வெகு நாளாயிற்று. மாடலைப் பார்க்க வேண்டும்.

1.4 சதவீதம் என்பது காதில் சின்னதாக விழும். நான்கு டிஸ்க், ஐந்து வருடம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், குறைந்தது ஒன்றாவது போவதற்கான வாய்ப்பு கிட்டத்தட்ட 25 சதவீதம். நாலு கடையில் ஒரு கடைக்கு நடக்கும். மிகச் சிறந்த டிஸ்கையே தேடிப் பிடித்து அந்த விகிதத்தைப் பாதியாக்கினாலும் எட்டில் ஒரு கடைக்கு நடக்கும். அந்தத் தேடலுக்குச் செலவழிக்கும் காசை இன்னொரு பிரதிக்குச் செலவழிப்பதே மேல் என்று அண்ணனிடம் சொன்னேன், இன்றும் அதையேதான் சொல்வேன்.

ஸ்மார்ட் எண்கள் முன்கூட்டியே எச்சரிக்கும் என்று நம்பிக் காத்திருப்பதும் ஆபத்து. கூகுள் பொறியாளர்கள் தங்கள் டிஸ்குகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட கட்டுரையில், பழுதானவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் எண்களில் எந்த அறிகுறியும் காட்டாமலே போயிருந்தன. அந்த எண்கள் ஏறினால் உடனே டிஸ்கை மாற்றுங்கள். ஏறவில்லை என்பதற்காக நிம்மதியாக இருக்காதீர்கள்.

இந்தப் பேச்சு நடக்கும்போது அண்ணனுடைய அம்மா மதியச் சாப்பாட்டைக் கேரியரில் கொண்டுவந்திருந்தார். எண்பதுகளில் அவர் அங் மோ கியோ பக்கம் ஒரு டிஸ்க் தொழிற்சாலையில் வேலை செய்தவர் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. சீகேட் சிங்கப்பூருக்கு வந்தது 1982-இல். எண்பதுகளின் பிற்பாதியில் உலகிலேயே அதிக டிஸ்க் செய்யும் இடமாகச் சிங்கப்பூர் இருந்தது, நம் வீட்டுப் பெண்கள் எத்தனையோ பேர் தலையோடு கால் வெள்ளை உடையில், நுண்ணோக்கிக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து அதைச் செய்தார்கள். அம்மா மேசையில் கழற்றி வைத்திருந்த டிஸ்கைக் கையில் எடுத்தார். இரண்டு ஓரத்தையும் விரல் நுனியில் பிடித்து, அடிப்பக்கப் பலகையைத் தொடாமல், துணிமேல் மெதுவாகத் திருப்பி வைத்தார். முப்பது வருடத்துக்கு மேலாகியும் கை மறக்கவில்லை. "உள்ளே ஒரு தூசி போச்சுன்னா முடிஞ்சுதுப்பா" என்றார்.

எடிட்டிங் ஏன் தயங்கியது

இது தனிப் புகார். டைம்லைனில் நகர்ந்தால் படம் நின்று நின்று வருகிறது. "எல்லாத்தையும் எஸ்எஸ்டியா மாத்திடுவோமா?" என்று அண்ணன் கேட்டார். எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டுக்குப் பதில் சில்லில் சேமிக்கும் டிஸ்க். ஏற்கெனவே யாரோ நான்கு 4 டெராபைட் எஸ்எஸ்டி போட 1,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆகும் என்று சொல்லியிருந்தார்கள்.

அவர்கள் கேமரா 4கே படத்தை நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிகிறது. பைட்டில் சொன்னால் 12.5 மெகாபைட். நான்கு கேமராவை ஒரே நேரத்தில் ஓட்டினாலும் 50. கிகாபிட் கம்பியில் 110 வரை போகும். ஆக, நாஸ் பெட்டிக்குள் எஸ்எஸ்டி போட்டாலும் அந்தக் கம்பி அதே 110-ஐத்தான் தரும், 1,400 வெள்ளிக்கும் பெரிய மாற்றம் தெரியாது.

தயக்கம் வேறு இடத்தில். நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் டிஸ்கில் தட்டு ஒரு முறை சுற்ற 8.3 மில்லிநொடி. வேண்டிய இடம் தரவைப் படிக்கும் ஹெட்டுக்குக் கீழே வரச் சராசரியாக அதில் பாதி, ஹெட் நகர இன்னும் எட்டு ஒன்பது. ஆக ஒவ்வொரு தாவலுக்கும் 12 மில்லிநொடி, நொடிக்கு எண்பது தாவல். இரண்டு எடிட்டர்கள் ஆளுக்கு நாலு கிளிப், அதோடு ஆயிரக்கணக்கான சிறு முன்னோட்டக் கோப்புகள் என்று கேட்டால் அந்த எண்பது எங்கே போதும்? எஸ்எஸ்டிக்கு ஒரு தாவல் 0.1 மில்லிநொடிக்கு அருகில். எனவே எஸ்எஸ்டி வேண்டும், ஆனால் நாஸில் அல்ல, ஒவ்வொரு எடிட்டிங் கணினிக்குள்ளும். நடந்துகொண்டிருக்கும் வேலை மட்டும் அதில் இருந்தால் போதும். ஆளுக்கு 2 டெராபைட் என்விஎம்இ (கணினியின் பலகையிலேயே செருகும் வேகமான எஸ்எஸ்டி), அன்றைய விலை ஒன்று 190 வெள்ளி.

நொடிக்கு 7,000 மெகாபைட் என்று அட்டையில் போட்டிருக்கும் விலை உயர்ந்தவை இந்த வேலைக்குத் தேவையே இல்லை. நான் பார்த்தது வேறு: உள்ளே ஒரு செல்லில் மூன்று பிட் அடைக்கும் டிஎல்சி சில்லா, நான்கு பிட் அடைக்கும் க்யூஎல்சி சில்லா. க்யூஎல்சி மலிவு, முதலில் வேகமாகவும் எழுதும். உள்ளிருக்கும் கேஷ் என்ற வேகமான தற்காலிக இடம் நிரம்பியதும் சில மாடல்கள் ஹார்ட் டிஸ்கைவிட மெதுவாகிவிடும். ஒரு கல்யாணத்துக்கு இரண்டு கேமரா, நாலு மணி நேரம் என்றால் 360 கிகாபைட், படங்களோடு 420. அதை ஒரே மூச்சில் இறக்கும் கடைக்கு டிஎல்சிதான் சரி.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பழைய கணினி ஒன்றில் எஸ்எஸ்டி போட்ட பிறகும் தயக்கம் முழுதாகப் போகவில்லை. அது கேமராவின் சுருக்கிய வீடியோவை விரிக்க ப்ராசசர் படும் பாடு. ப்ராக்ஸி கோப்புகள், அதாவது எடிட்டுக்கு மட்டுமான இலகுவான நகல்கள், உருவாக்கி எடிட் செய்யச் சொன்னேன், சரியானது. அதற்குக் காசு எதுவும் செலவாகவில்லை.

நான்கு சின்னதா, இரண்டு பெரியதா

நாஸுக்கு முதலில் நான்கு 8 டெராபைட் டிஸ்க் என்றுதான் நினைத்தேன். ரெய்டு 6 போட்டால் 16 டெராபைட் கிடைக்கும், எந்த இரண்டு போனாலும் தாங்கும். சிம் லிம் கணினிக் கடை வளாகத்தில் விசாரித்தபோது ஒன்று 290 வெள்ளி சொன்னார்கள், மொத்தம் 1,160. அதாவது டெராபைட்டுக்கு 36 வெள்ளி. அதே நாளில் 16 டெராபைட், தரவு மையத் தரத்து சிஎம்ஆர் டிஸ்க், ஐந்து வருட வாரண்டியோடு 440. டெராபைட்டுக்கு 27.50.

இரண்டு 16 டெராபைட்டை ஒன்றுக்கொன்று நகலாக வைத்தால் அதே 16 டெராபைட் 880 வெள்ளிக்குக் கிடைக்கும். மிச்சமாகும் 280 வெள்ளியோடு கொஞ்சம் சேர்த்தால் மூன்றாவது 16 டெராபைட் வந்துவிடும், அது கடைக்கு வெளியே இருக்கலாம். பெட்டியில் இரண்டு இடம் நாளைக்குக் காலியாகவும் இருக்கும். மின்சாரமும் குறைவு: டிஸ்குக்கு 6 வாட் என்று வைத்தால் இரண்டு குறைவதால் ஆண்டுக்கு 105 யூனிட், யூனிட் 30 காசு என்றால் 31 வெள்ளி. நான்கு டிஸ்கும் ஒரே பெட்டியில் இருந்தால் தீ, திருட்டு, தவறான ஓர் அழிப்புக் கட்டளை எல்லாமே நான்குக்கும் சேர்த்துத்தான். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்பது ஒளிப்படக்காரர் பீட்டர் க்ரோ தன் தொழிலுக்காகச் சொன்ன முறை. படம் எடுக்கிறவர்கள் கடைக்கு அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியாது.

குறையும் உண்டு. பெரிய டிஸ்க் சத்தம் போடும், கடகடவென்று. குரல் பதிவு செய்யும் அறையிலிருந்து பெட்டியை மாடிப்படிக்குக் கீழே மாற்றினோம். இரவில் ஏர்கான் இல்லாமல் அங்கே 31, 32 டிகிரி இருக்கும், டிஸ்க் 46 வரை போகிறது. அந்த வகை டிஸ்கின் வரம்பு 60. பெட்டிக்குப் பின்னால் ஒரு சாண் இடம் விட்டேன், அது போதும்.

இரண்டு டிஸ்குகளையும் இரண்டு கடைகளில் வாங்கினேன், ஒரே தயாரிப்புத் தொகுதியில் வராமல் இருக்க. வரிசை எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டு, வாரண்டி இந்த ஊருக்குச் செல்லுமா என்று கடையில் நின்றே பார்த்தேன். வேறு நாட்டில் விற்பதற்கென்று வந்த சரக்கு சில நேரம் மலிவாகக் கிடைக்கும், வாரண்டி கேட்டால் கையை விரிப்பார்கள். 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில், பயன்படுத்திய சீகேட் டிஸ்குகளின் ஸ்மார்ட் கணக்கை அழித்து யாரோ புதிதென்று விற்றது வெளியே வந்தது. அந்த டிஸ்குகளுக்குள் ஃபார்ம் என்ற தனிப் பதிவு ஒன்றும் ஓடுகிறது, உண்மையான மணிக்கணக்கு அதில் அப்படியே இருந்ததால்தான் பிடிபட்டது. இப்போது நான் இரண்டையும் ஒப்பிடாமல் எந்த சீகேட் டிஸ்கையும் பெட்டியில் போடுவதில்லை.

போடுவதற்கு முன் முழு டிஸ்கையும் எழுதிப் படித்துப் பார்த்தேன். 16 டெராபைட்டுக்கு எழுத ஒரு நாள், படிக்க ஒரு நாள். அண்ணன் பொறுமையிழந்தார். பழுதான டிஸ்க் என்றால் காலியாக இருக்கும்போதே அது தெரிந்துவிட வேண்டும் என்று சொல்லிக் காக்க வைத்தேன்.

டின்னும் டிரை கேபினெட்டும்

மூன்று டிஸ்க் 1,320, இரண்டு என்விஎம்இ 380, வெளி டிஸ்கைச் செருகும் டாக் 60. மொத்தம் 1,760 வெள்ளி. வெளியே இருக்கும் டிஸ்க் தோ பாயோவில் அண்ணன் வீட்டு அலமாரியில். வெள்ளிக்கிழமை மாலை கடைக்கு வரும், இரவு நகலெடுக்கும், சனிக்கிழமை திரும்பும். ஒப்படைக்காத வேலைகள் மட்டும் இரவில் மேகச் சேமிப்புக்கும் போகின்றன. இங்கே ஃபைபர் இணைப்பு தாராளம் என்பதால் ஒரு கல்யாணம் சில மணி நேரத்தில் ஏறிவிடுகிறது.

ஆண்டுக்கு இருபது நிகழ்ச்சி என்றால் 8.4 டெராபைட். அப்படியே விட்டால் இரண்டு வருடத்தில் மறுபடி டின் நிரம்பத் தொடங்கும். அதனால் ஒப்பந்தத் தாளில் ஒரு வரி சேர்த்தோம்: மூலக் காட்சிகள் ஒப்படைத்த நாளிலிருந்து 12 மாதம் வைக்கப்படும், அதன் பிறகு வேண்டுமென்றால் டிஸ்க் கொண்டுவந்து வாங்கிக்கொள்ளலாம். முடித்த படம் எப்போதும் இருக்கும்.

டின்னிலிருந்த பதினொன்றில் ஒன்பது ஓடின. இரண்டு சுழலவே இல்லை, அவற்றில் ஒன்றில் யுஎஸ்பி முனை பலகையோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருந்ததால் வேறு கேபிளில் முயலவும் முடியவில்லை. ஒன்பதையும் நகலெடுத்து முடித்த பிறகு, எங்கே வைப்பது என்று தேடியபோதுதான் கவனித்தேன். லென்சுகளில் பூஞ்சை பிடிக்கக் கூடாதென்று 45 சதவீத ஈரப்பதத்தில் டிரை கேபினெட் ஒன்று டின்னுக்குப் பக்கத்திலேயே அத்தனை வருடமும் நின்றிருந்தது. கீழ்த்தட்டைக் காலி செய்து டிஸ்குகளை அதில் வைத்தோம்.

ஆகஸ்டில், போட்ட ஏழாவது மாதம், நாஸிலிருந்த புது டிஸ்குகளில் ஒன்று போனது. முன்னறிவிப்பு எதுவும் இல்லை. அண்ணன் அன்று எனக்குப் போன் செய்யவில்லை. வாரண்டியில் மாற்று டிஸ்க் வந்து, செருகி, 26 மணி நேரத்தில் மீள்கட்டமைப்பு முடிந்த பிறகு ஒரு குரல் செய்தி அனுப்பினார். பின்னணியில் எடிட்டர் தம்பி ஏதோ ஒரு ரிசப்ஷனின் நாதஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தார். "தம்பி, வந்தது சரிபார்த்து அனுப்பின பழைய டிஸ்க்னு லேபிள்ல இருக்கு. எழுதிப் படிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டேன். ரெண்டு நாள் ஆச்சு. சரிதானே?"

சரிதான் என்று பதில் அனுப்பினேன்.